கட்டம் போட்ட கொடி ஆடும் வரை

பெரியவரும் சின்னவரும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால், உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் இருபது பந்தயக் கார்கள் வரிசையாக நின்று உறுமியாக வேண்டும். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, மொத்தமாக அணைந்து, கார்கள் சீறிக்கொண்டு கிளம்பும் நொடியில்தான் அண்ணன் தம்பி இருவருக்கும் வாய் திறக்கும்.

"போச்சுடா. உன் ஆளு ஆரம்பத்துலயே கோட்டை விட்டுட்டான்" என்பார் பெரியவர்.

"கோட்டை விடல அண்ணே, டயர் இன்னும் சூடாகல" என்பார் சின்னவர்.

அப்புறம் பிடிக்க முடியாது. டயர், இறக்கை, வளைவு, காற்று, வண்டி ஓட்டுகிறவனின் அப்பன் பாட்டன் என்று இரண்டு மணி நேரம் வாய் ஓயாது. கடைசியில் பந்தயம் முடிந்ததென்று கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்களோ இல்லையோ, குழாயைத் திருகினாற்போல இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். பெரியவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். "வரேன்" என்று ஒரு சொல் கிடையாது. அடுத்த பந்தயம் வரை தெருவில் நேருக்கு நேர் வந்தாலும் ஒருவர் மின்கம்பத்தைப் பார்ப்பார், மற்றவர் மேகத்தைப் பார்ப்பார்.

விளம்பரம் வந்தாலும் இதே சட்டம்தான். "நான் அப்பவே சொன்னேன், அவன் அந்த வளைவுல..." என்று பெரியவர் ஆரம்பித்திருப்பார், ஷாம்பு விளம்பரம் குறுக்கே வந்துவிடும். டக்கென்று நிறுத்திக்கொள்வார். இருவரும் ஏதோ ஒரு பெண் தலையை உலுப்பிக் காட்டுவதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். விளம்பரம் முடிந்ததும், "...உள்பக்கமா நுழைவான்னு" என்று விட்ட இடத்திலிருந்து வாக்கியம் தொடரும்.

இந்தச் சட்டத்தை யாரும் உட்கார்ந்து போடவில்லை. அது பாட்டுக்குப் படிந்துவிட்டது. படிந்ததற்குக் காரணம் ஒரு பிரேக்.

அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில் கார் ஓட்டக் கற்றுத் தருவது. வாரம் முழுக்க இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் வரை இருவரும் சேர்ந்து ஒரே பள்ளிதான் நடத்தினார்கள். கற்றுக்கொடுக்கிற வண்டியில் வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் சுவரைப் பார்த்துப் போகும்போது வாத்தியார் அதை மிதிப்பார். பள்ளிக்குப் புது வண்டி வாங்கின அன்று மாணவர்கள் எல்லாரும் கூடி நிற்க, சின்னவர் பெருமையாக வண்டியை வாசலிலிருந்து வெளியே எடுத்தார். பக்கத்தில் பெரியவர். சின்னவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் பெரியவரின் வலது கால் இருபது வருஷமாகத் தானாகவே மிதித்துப் பழகின கால். மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. சின்னவரின் மூக்கு ஹாரனில் மோதி, நீளமாக ஒரு சத்தம் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இத்தனை பேர் முன்னாடி என்னைக் கத்துக்குட்டி ஆக்கிட்டீங்களே அண்ணே!"

"பூனை வந்துச்சுடா."

"எந்தப் பூனை?"

அந்தப் பூனையைப் பெரியவரைத் தவிர உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. பேச்சு முற்றி, தடித்து, ஒரு மாதத்தில் பள்ளி இரண்டாகிவிட்டது. வண்டிகளைப் பிரித்துக்கொண்டார்கள், நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டார்கள். பெரியவர் தெருவுக்கு அந்தப் பக்கம் கடை போட்டார். பிரிக்க முடியாமல் மிஞ்சினது ஒரே ஒரு பொருள். இருவரும் சேர்ந்து வாங்கி, சின்னவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, கதவு அளவுக்குப் பெரிய டி.வி.

"அதுல பாதி என்னோடது" என்றார் பெரியவர். "மத்த நாளெல்லாம் என்னமோ பார்த்துக்கங்க. பந்தயத்தன்னிக்கு நான் வந்து என் பாதியைப் பார்ப்பேன்."

அப்படித்தான் வர ஆரம்பித்தார். சோபாவின் இடது பக்கம் அவருக்கு. உண்மையிலேயே இடது பாதியை மட்டும்தான் பார்த்தாரா என்று யாரும் சோதித்ததில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நடுவில் இருந்தவள் சின்னவரின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. கார்ப் பந்தயம் அவளுக்கு வீட்டுக்குள் தேனீக்கூடு கலைந்த சத்தம், அவ்வளவுதான். யார் முன்னால் போகிறான், யார் பின்னால் போகிறான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பந்தய ஞாயிறுகளில் தன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தாள். மற்ற நாட்களில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத மனுஷன், அன்றைக்குக் காலையிலேயே கூடத்தைத் தானே பெருக்குவார். சோபாவின் இடது பக்கத்து மெத்தையை மட்டும் வெளியே கொண்டுபோய்த் தட்டித் தூசி போக்குவார். பெரியவருக்குப் பிடித்த உப்பு பிஸ்கட்டை வாங்கி வந்து, "எனக்குத்தான்" என்று சொல்லி, ஒன்றைக்கூடத் தொடாமல் மேஜையின் இடது ஓரத்தில் வைப்பார்.

பந்தய ஞாயிறு என்ற அந்த ஒரு இழையில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது அறுந்தால் இந்த மனுஷனுக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லாமலே போய்விடுவார்.

இழையை அறுக்க வந்தவன் ஒரு பச்சை வண்டிக்காரன்.

அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்தவர் பெரியவர். ஜெயித்தாலும் அவன் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இருபதாயிரம் பேர் கத்தினாலும், கோப்பையைக் கையில் கொடுத்தாலும், பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவன் மாதிரி நிற்பான். அந்த வருஷம் முதல் பந்தயத்தில் ஜெயித்தான். இரண்டாவதில் ஜெயித்தான். அப்புறம் ஜெயித்துக்கொண்டே இருந்தான். யார் முன்னால் நிற்பது என்று முடிவாகிற சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அவன் முதலில் வருவான், ஞாயிற்றுக்கிழமை முதலில் கிளம்பி, முதலிலேயே போய்ச் சேருவான். அவன் முன்னால் தன்னந்தனியாகப் போவதைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், படம் பிடிக்கிறவர்களே மரத்தையும் மேகத்தையும் காட்ட ஆரம்பித்தார்கள்.

பெரியவரின் ஆள் சிவப்பு வண்டிக்காரன். பந்தயத்திலேயே வயது மூத்தவன் என்பதால் அவனுக்குத் 'தாத்தா' என்று பெயர். சின்னவரின் ஆள் மஞ்சள் வண்டியில் வரும் பொடியன், 'துறுதுறு'. இருவரும் பின்னால் எங்கேயோ ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு கிடந்தார்கள். அதைக் காட்டினால்தானே பேசுவதற்கு. பேச்சு குறைந்தது. முதலில் வாக்கியங்கள் சின்னதாயின. பிறகு "ம்" ஆயிற்று. ஒரு ஞாயிறு, சமையலறையில் இருந்தவளுக்குக் கூடத்திலிருந்து கார்ச் சத்தம் மட்டும் கேட்டது, மனிதச் சத்தம் கேட்கவே இல்லை. விளம்பரம் போல இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பந்தயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பகீரென்றது.

பெரியவர் கொட்டாவி விட்டார். அது சின்னவருக்குத் தொற்றியது. சின்னவரிடமிருந்து திரும்பப் பெரியவருக்கு வந்தது. அப்புறம் பெரியவர் எழுந்தார்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க? இன்னும் பதினஞ்சு சுத்து இருக்கு!"

"நூறு சுத்து இருந்தாலும் அவன்தான்டா. யார் ஜெயிப்பான்னு சனிக்கிழமையே தெரிஞ்சு போகுது, அப்புறம் ஞாயித்துக்கிழமை எதுக்கு வேலை மெனக்கெட்டு உக்காரணும்? இது பந்தயமா? எறும்பு வரிசை! நம்ம பசங்க ரிவர்ஸ் எடுக்கறதுல இதைவிடத் திகில் இருக்கு."

வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்து, "இனிமே என்னை எதிர்பார்க்க வேண்டாம். என் பாதி டி.வி.யையும் நீயே வெச்சுக்கோ" என்றார். கொடி இன்னும் ஆடவில்லை என்பதால் அதைத் தம்பியிடம் நேராகவே சொல்ல முடிந்தது.

சின்னவர் மிச்சம் பதினைந்து சுற்றையும் தனியாக உட்கார்ந்து பார்த்தார். பிஸ்கட் தட்டை எடுக்க வந்தவளிடம், "இருக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது டி.வி.யின் இடது பாதியை.

மறுநாள் பெரியவரின் மனைவி போன் செய்தாள். கணவர்கள் பேசாவிட்டாலும் ஓரகத்திகள் இருவரும் தினமும் பேசிக்கொள்வார்கள்.

"ஏண்டி, இவரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இனி என்ன பண்றதுன்னு என்னைக் கேக்குறாரு. செடி வளர்க்கப் போறாராம். செடி! ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்கிட்டு வரச் சொன்னா புல்லை வாங்கிட்டு வர்ற மனுஷன்."

"அக்கா, செடி கிடி வேண்டாம். எப்படியாவது அவரை இங்க திரும்ப வரவைக்கணும்."

"எப்படிடி வருவாரு? ஆட்டம் சப்புன்னு போச்சுங்கறாரு."

வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கு விடை கிடைத்தது. ஊசியைக் கண்டதும் கையை இறுக்கிக்கொள்கிற ஆட்களை அவள் தினமும் பார்க்கிறாள். "பயப்படாதீங்க" என்று சொன்னால் இன்னும் இறுக்குவார்கள். கோபம் வருகிற மாதிரி ஏதாவது கேட்டுவிட வேண்டும். "உங்க வயசு அறுபதா?" என்று நாற்பது வயதுக்காரரைக் கேட்டால் போதும். அவர் பொங்கி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகிவிடும். அண்ணன் தம்பி இருவருக்கும் இப்போது தேவை நல்ல பந்தயம் இல்லை. வயிறெரிந்து திட்டுவதற்கு ஒரு ஆள். தூரத்தில் கல்லாக நிற்கிறவனைத் திட்டி என்ன பயன்? பக்கத்தில் உட்கார்ந்து வாயாடுகிற ஆளாக இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பந்தயம் படித்தாள். மெத்தென்ற டயர் வேகமாக ஓடி சீக்கிரம் தேயும், கெட்டியான டயர் மெதுவாக ஓடி நெடுநேரம் தாங்கும். அதை எப்போது மாற்றுவது என்பதில்தான் பாதிச் சண்டை. பரிசோதனைக்கு வந்தவர்களில் பந்தயம் பார்க்கிற ஒரு பஸ் டிரைவர் கிடைத்தார். அவரிடம் விஷயத்தைக் கறக்கும் மும்முரத்தில் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்துவிட்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பெரியவருக்கு போன் போட்டாள்.

"மாமா, ஒண்ணும் இல்ல. கல்லுளிமங்கனை மாதிரி ஓட்டுறவன் இனிமே பொறந்தாத்தான் உண்டு, தாத்தாவெல்லாம் அவன் வண்டியைத் தொடைக்கக்கூட லாயக்கில்லன்னு இங்க ஒருத்தர் சொல்றாங்க. உங்ககிட்ட கேக்கலாம்னு..."

"யாரு? அவனா சொன்னான்?"

"வந்து நேர்லயே கேளுங்களேன்."

மறுநாள் விளக்கு அணைவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பெரியவர் வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சோபாவின் நடுவில், கழுத்தில் பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, தம்பி பெண்டாட்டி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது பக்கத்தில் சின்னவர் பேயறைந்த மாதிரி இருந்தார்.

"வாங்க மாமா. உக்காருங்க. எங்க ஆளு ஜெயிக்கறதைப் பார்த்துட்டுப் போங்க."

பெரியவர் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. பச்சை வண்டி அம்பு மாதிரிப் பாய்ந்தது.

"பாருங்க, பாருங்க! உங்க தாத்தாவுக்கு இன்னும் தூக்கம் கலையல போலிருக்கே மாமா. யாராவது ஒரு வாய் காப்பி குடுத்து எழுப்பி விடக்கூடாதா?"

பெரியவரின் காதிலிருந்து புகை வராத குறை. "டேய், உன் பொண்டாட்டி என்னடா பேசுறா?"

"எனக்கும் ஒண்ணும் புரியல அண்ணே. காலையிலேருந்து இப்படித்தான்."

"வண்டி நல்ல வண்டிம்மா. அந்த வண்டியைக் குடுத்தா நம்ம ஸ்கூல் வாட்ச்மேன்கூட ஜெயிப்பான்!"

"அப்ப வாட்ச்மேனை ஏன் அவங்க எடுக்கல? கேட்டுப் பாருங்க."

"சொல்லுடா அவளுக்கு! வண்டி வேற, ஓட்டுறவன் வேறன்னு சொல்லு!"

"அண்ணன் சொல்றது சரிதாண்டி. அந்த எஞ்சினை எடுத்துட்டா அவன் ஒண்ணுமே இல்ல" என்றார் சின்னவர். அண்ணன் சொல்வது சரி என்று அவர் வாயிலிருந்து வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இப்படியாக வீடு களைகட்டியது. பந்தயம் என்னவோ அதே பந்தயம்தான். கல்லுளிமங்கன் அதே மாதிரி ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் ஜெயிக்க ஜெயிக்க அவள் ஆடினாள். அவள் ஆட ஆட அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் இருந்து ஒரே குரலாக அவளை எதிர்த்தார்கள். விளம்பரச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது நடுவில் ஒரு தபால்காரி இருந்தாள்.

"அம்மா, அவன்கிட்ட சொல்லு. அந்த மெத்து டயர் இருபது சுத்து தாங்காது."

"அவர்கிட்ட சொல்லு. போன வாட்டி தாங்குச்சு."

"போன வாட்டி குளிரு. இந்த வாட்டி வெயிலுன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தில் உட்கார்ந்தபடி அவள் சலிக்காமல் திரும்பித் திரும்பித் தபால் கொடுத்தாள்.

நடிப்பாக ஆரம்பித்தது எப்போது நிஜமானது என்று அவளுக்கே தெரியாது. ஒரு பந்தயம் முடிந்து பெரியவர் போன பிறகு, அவள் டி.வி.யை அணைக்க மறந்து நின்றாள். கல்லுளிமங்கன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தன் வண்டிக்கு டயர் மாட்டிய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்தான். கடைசியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடமும் போய்க் கொடுத்தான். முகம் அப்போதும் கல்தான். பாவம், இவனுக்குச் சிரிக்கத்தான் வரவில்லை, அதற்காகச் சந்தோஷம் இல்லை என்றாகிவிடுமா என்று நினைத்தாள். அன்றைக்கே கவிழ்ந்துவிட்டாள். அதன் பிறகு சனிக்கிழமை தகுதிச் சுற்றை யாருக்கும் தெரியாமல் குளியலறையில் போனில் பார்க்கும் நிலைமைக்கு வந்தாள். முன்னால் போகிறவன் தனியாகப் போனால் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இப்போது எரிச்சல் வந்தது. ஒரு மனிதன் இரண்டு மணி நேரம் ஒரு தப்பும் செய்யாமல் இருப்பதைப் பார்க்க நெஞ்சு படபடக்காதா என்ன?

திட்டம் பலித்துவிட்டது என்று அவள் நினைத்திருந்த வேளையில் ஓரகத்தி மறுபடி போன் செய்தாள்.

"நீ நல்லாக் கிளப்பி விட்டுட்டடி. மனுஷன் தூக்கத்துலகூட டயரு டயருன்னு புலம்புறாரு. இப்ப என்னடான்னா, புது டி.வி. பார்த்துட்டு வந்திருக்காரு."

"எதுக்குக்கா?"

"அடுத்த வருஷத்துலேருந்து வீட்டுலயே பார்க்கப் போறாராம். உன் வாயைச் சகிச்சுக்க முடியலையாம். தனியா உக்காந்து மனசாரத் திட்டணுமாம்."

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சப்பென்று போன பந்தயத்துக்கு உயிர் கொடுத்தது அவள்தான். இப்போது அந்த உயிரே ஆளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறது. வருஷத்தின் கடைசிப் பந்தயம் மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். அதற்கப்புறம் இந்த வாசல்படி ஏற அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவர் கடைசி ஞாயிறன்று வழக்கம்போல இடது பக்கத்து மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. கல்லுளிமங்கன் அதையும் ஜெயித்துவிட்டால், அந்த வருஷத்தின் பந்தயம் ஒன்றைக்கூடத் தோற்காதவன் ஆகிவிடுவான். அவர்கள் மூவரும் அறிந்தவரை அப்படி ஒருவன் இருந்ததில்லை. ஆக அவளுக்குக் கவலை இரண்டு. ஒன்றை நினைத்து இடது பக்கம் பார்ப்பாள், மற்றொன்றை நினைத்துத் திரையைப் பார்ப்பாள்.

பாதிப் பந்தயத்தில் மழை கொட்டியது. சிவப்புக் கொடியைக் காட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உடனே மூடினார். சின்னவரும் திறந்தார், மூடினார். பந்தயம் நடக்கவும் இல்லை, முடியவும் இல்லை. இப்போது பேசலாமா கூடாதா? இந்த மாதிரி ஒரு சிக்கல் நான்கு வருஷத்தில் வந்ததே இல்லை. இருவரும் திருதிருவென்று முழித்தார்கள்.

"அம்மா, அவன்கிட்ட கேளு. இது விளம்பரக் கணக்கா, பந்தயக் கணக்கா?"

"கடிகாரம் நிக்கல, அதனால பந்தயக் கணக்குன்னு சொல்லு."

"வண்டி நிக்குதே?"

"அப்ப விளம்பரக் கணக்கு."

சரி என்று இருவரும் வாயை மூடிக்கொண்டு, திரையில் மழை பெய்வதைப் பார்த்தார்கள். அவளுக்கு இருவர் தலையையும் பிடித்து நங்கென்று முட்டவிடலாமா என்று வந்தது.

மழை விட்டு மறுபடி கிளம்பினார்கள். கல்லுளிமங்கன்தான் முன்னால். ஈரத்தில் மற்றவர்கள் வழுக்கித் தடுமாற, அவன் மட்டும் கோடு போட்ட மாதிரிப் போனான். பத்துச் சுற்று பாக்கி. ஐந்து. அவள் பச்சைத் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயாடவே இல்லை. கடைசிச் சுற்று. கடைசிக்கு முந்தின வளைவில் பச்சை வண்டியின் முன்சக்கரம் ஒன்று வண்டியை விட்டுத் தனியாகக் கழன்று, புல்வெளியில் துள்ளித் துள்ளி உருண்டு போயிற்று. டயர் மாற்றியபோது யாரோ சரியாக முடுக்கவில்லை.

"போச்சு! போச்சு! விழுந்தான்டா!"

"அண்ணே, தாத்தா! தாத்தாதான் முதல்ல!"

"உன் பொடியன் ரெண்டாவதுடா! டேய்!"

சிவப்பு வண்டி கோட்டைத் தாண்ட, மஞ்சள் வண்டி பின்னாலேயே தாண்ட, இருவரும் குதித்த குதியில் பிஸ்கட் தட்டு கவிழ்ந்தது. கட்டம் போட்ட கொடி ஆடியது. இரண்டு வாயும் மூடிக்கொண்டன. பெரியவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு விசும்பல்.

திரையில், மூன்று சக்கர வண்டிக்குப் பக்கத்தில் கல்லுளிமங்கன் புல்லில் நின்றிருந்தான். முகம் அதே கல். ஒரு கை மட்டும் வண்டியின் மேல் இருந்தது, தட்டிக்கொடுக்கிற மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். நாள் பூரா ஊரைக் குத்தி ரத்தம் எடுக்கிறவள், கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததில்லை. துண்டால் எவ்வளவு துடைத்தாலும் நிற்கவில்லை. அவன் தோற்றதற்கு அழுதாள். அவன் தோற்ற நாளில் அண்ணன் தம்பி கதையும் முடிந்துபோகிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

சின்னவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியவர் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"அம்மா," என்றார் பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லு, உனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வரச் சொல்லி."

அவள் அழுதபடியே தலையை ஆட்டினாள். தபாலை எடுத்துப் போக ஆள் இல்லை.

"அவர்கிட்ட சொல்லு," என்றார் சின்னவர், "நீ அழுது நான் பார்த்ததே இல்லைன்னு..." என்று ஆரம்பித்தவர், யாரிடம் சொல்லச் சொல்கிறோம் என்று புரிந்து நிறுத்திக்கொண்டார். அவள் இன்னும் சத்தமாக விசும்பினாள். பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி பெரியவரைப் பார்த்தார். கொடி ஆடி முடிந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? போய்த் தண்ணி கொண்டாடா!"

"இதோ அண்ணே."

"தண்ணி பத்தாது. காப்பி போடு. சூடா, சர்க்கரை தூக்கலா."

"எனக்குப் போடத் தெரியாதுண்ணே."

"நாப்பத்தஞ்சு வயசாச்சு, காப்பி போடத் தெரியாதுங்கறான் பாரு. நகரு, நான் போடறேன்." பெரியவர் மாட்டின செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

"சர்க்கரை எங்கடா?"

"மேல்தட்டுல. அது இல்லண்ணே, அது உப்பு. பக்கத்து டப்பா. அண்ணி எப்படி இருக்காங்க?"

"முழங்கால் வலி, ரெண்டு வருஷமா. மாடிப்படி ஏற முடியல அவளால."

"இவ சொல்லித்தான் தெரியும்ணே. நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

"எப்படா சொல்றது? நான் சொல்லலாம்னு வாயெடுக்கும்போதெல்லாம் எவனாவது டயர் மாத்த வந்துடறான்."

சின்னவர் சிரித்தார். கொஞ்சம் பொறுத்துப் பெரியவரும் சிரித்தார். அப்புறம் பால் பொங்கியது, அதற்கு யார் காரணம் என்று இருவரும் சண்டை போட்டார்கள். எவ்வளவு அருமையான சண்டை! கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு எப்போது அழுகை நின்றது என்று தெரியவில்லை. கண் காய்ந்திருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"என்னம்மா, அழுகை நின்னுடுச்சா?" உள்ளேயிருந்து பெரியவரின் குரல். "அப்ப நான் கிளம்பட்டுமா?"

அவள் சட்டென்று திரும்ப உட்கார்ந்தாள். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு விசும்பல் விசும்பினாள்.

"இல்ல மாமா..."

"ஐயையோ, டேய், இன்னும் அழுறாடா" என்றார் பெரியவர். "இன்னொரு டம்ளர் எடு. நமக்கும் சேர்த்தே போட்டுடலாம்."